உங்கள் பக்கத்துப் பஞ்சு

ஸிஃப்தா
12 அக்டோபர் 1986

என் மாமன் மகன் மித்வல்லி மச்சானுக்கு,

இறைவனின் சாந்தி உங்கள் மேல் உண்டாகட்டும். நானும் மாமியும் நலம். மாமியின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. நீங்கள் நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, குவைத்தில் வெயில் இறங்கிவிட்டதா என்றெல்லாம் மாமி கேட்கச் சொன்னார். நான் கேட்க வந்தது வேறு.

நம் கல்யாணப் போர்வையின் பஞ்சு இறுகிவிட்டது. நீங்களே வில்லால் பஞ்சடித்து, நீங்களே தைத்த போர்வை. இந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் அவளுடைய மாப்பிள்ளையே போர்வை தைத்துக் கொடுத்ததில்லை. அன்றைக்கு எங்கள் வாசலில் உட்கார்ந்து பஞ்சை அடித்துக்கொண்டிருந்தவர், பாதியில் வில்லை நிறுத்திவிட்டு, "வில்லுக்குத் தொண்டை காஞ்சுபோச்சு, செர்பத் வந்தாத்தான் இனி பேசும்" என்று சொன்னதும், பெண்கள் குலவையிட்டதும், என் அம்மா செம்பை எடுத்துக்கொண்டு ஓடியதும் எனக்கு நேற்று போல இருக்கிறது. நீங்கள் போய் இது மூன்றாவது குளிர்காலம்.

போர்வையைப் பிரித்து, உறையைத் துவைத்து, பஞ்சை மறுபடி அடிக்கவேண்டும். கலீல் சித்தப்பாவுக்கு முதுகு நிமிரவில்லை, அவரால் வில்லைப் பிடிக்க முடியாது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மீத் கம்ரில் ஒருவன் மின்சாரத்தில் பஞ்சடிக்கும் மெஷின் வாங்கி வைத்திருக்கிறான். ஒரு பக்கம் கட்டியைப் போட்டால் மறுபக்கம் நுரையாக வருகிறதாம். ஸிஃப்தா பாதி அங்கேதான் போகிறது. நம்முடையதையும் கொடுத்துவிடட்டுமா? சீக்கிரம் பதில் எழுதுங்கள். குளிர் உங்கள் பதிலுக்குக் காத்திருக்காது.

உங்கள் அத்தை மகள்,
இன்ஷிராஹ்


குவைத்
9 நவம்பர் 1986

அன்புள்ள இன்ஷிராஹுக்கு,

ஸலாம். அம்மாவின் முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் தேய். நான் நலம். அறையில் ஆறு பேர். நம் நாட்டுத் தெற்கே சோஹாகிலிருந்து வந்த அப்துல் மவ்லா சமைக்கிறான், அதனால் சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் விடுவதே நல்லது.

கொடுத்துவிடாதே. அந்த மெஷினில் பற்கள் இருக்கின்றன, தெரியுமா? பஞ்சைக் கடித்துத் துப்பும். வில்லின் நரம்பு பஞ்சைத் தட்டி எழுப்பும். இரண்டுக்கும் வெகு தூரம். ஐந்து வருடம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும். அன்றைக்கு அந்த மெஷின்காரன் இருக்கமாட்டான்.

இங்கே என் கைக்கு நல்ல மரியாதை. போன வாரம் ஒரு பெரிய வீட்டுக்குப் பச்சை சாட்டினில் போர்வை தைத்தேன். நடுவில் மயில், அதன் தோகை நான்கு மூலைக்கும் ஓடும். வீட்டுக்காரரே வந்து, ஊசி குத்தாமலிருக்க உறை மாட்டிய என் நடுவிரலைப் பிடித்துப் பார்த்து, "இந்த அங்குஸ்தானுக்குள்ளே என்ன இருக்கு, விரலா, வித்தையா?" என்று கேட்டார். அம்மாவிடம் சொல்.

கல்யாணப் போர்வையை நான்தான் பிரிப்பேன். வசந்தத்தில் வருகிறேன். அதுவரை வெயிலில் போட்டுத் தடியால் அடி, பஞ்சு கொஞ்சம் எழும்பும்.

உன் மித்வல்லி


ஸிஃப்தா
18 ஜனவரி 1987

பெரிய வீடுகளின் தையல் ஆசான், உஸ்தா மித்வல்லி அவர்களுக்கு,

உங்களுக்கும் உங்கள் மயிலுக்கும் ஸலாம். மாமி அந்த மயிலை ரொட்டிக் கடை வரைக்கும் கொண்டுபோய்விட்டார். நான் தண்ணீர்க் குழாயடியில் பறக்கவிட்டேன். நலமாக இருக்கிறோம், குளிரைத் தவிர.

நீங்கள் சொன்னபடி மொட்டைமாடியில் போட்டு அடித்தேன். சொல்பேச்சுக் கேட்டதற்குப் பலன் கிடைத்தது. பஞ்சு எழும்பவில்லை, இடம் மாறிவிட்டது. நடுவில் விளக்கைப் பிடித்தால் வெளிச்சம் தெரிகிறது. எதிர்வீட்டு உம்மு பத்ரிய்யா படியேறி வந்து பார்த்துவிட்டு, "ஏண்டி, புருஷன் மேல உள்ள கோவத்தையா போர்வை மேல காட்டுனே?" என்று கேட்டாள். "ஆமா, அவரு எட்டற தூரத்துல இல்லையே" என்றேன்.

ஒன்று கவனித்தேன். என் பக்கம் பஞ்சு அப்பளமாகத் தட்டையாகிவிட்டது. உங்கள் பக்கம் இன்னும் உப்பலாகவே இருக்கிறது. யாரும் புரண்டு படுக்காத பக்கம். குளிர் அதிகமான நாட்களில் அந்தப் பக்கம் நகர்ந்து படுத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் தூக்கம் வரவில்லை. திரும்ப என் பக்கமே வந்துவிட்டேன்.

நம் தெரு ஸமீஹாவின் கல்யாணத்துக்குப் போர்வை கேட்டு வந்தார்கள். நம் போர்வைக் கடை பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு மீத் கம்ருக்குப் போய்விட்டார்கள். அந்த மெஷின்காரன் அடித்த பஞ்சை மூட்டையாகக் கொண்டுவந்து, வாசலில் உட்கார்ந்து தைத்துவிட்டுப் போனான். வில் இல்லை, செர்பத் இல்லை. குலவையை எப்போது இடுவது என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

கடைச் சாவி என்னிடம் இருப்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும். மயிலை ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

வசந்தத்துக்காகக் காத்திருக்கும்,
இன்ஷிராஹ்


குவைத்
22 மார்ச் 1987

இன்ஷிராஹுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் கைகளை முத்தமிட்டதாகச் சொல்.

வசந்தத்தில் வரமுடியாது போலிருக்கிறது. முதலாளி விடமாட்டேன் என்கிறார். "உன் கை போனால் என் வீடு போச்சு" என்கிறார். என்ன செய்ய? கோடை முடியட்டும்.

ஊருக்கு வரும் ஒருவரிடம் ஒரு போர்வை கொடுத்தனுப்பியிருக்கிறேன். கடைத்தெருவில் வாங்கியது. உள்ளே பஞ்சில்லை, ஏதோ நைலான் இழை. மெஷின் தையல். நம் தொழிலுக்கு அவமானம்தான், ஆனால் நான் வரும் வரைக்கும் போர்த்திக்கொள். மயிலை வரைந்து அனுப்ப முடியாது, அந்த வடிவம் வீட்டுக்காரருக்குச் சொந்தமாம்.

உன் மித்வல்லி


ஸிஃப்தா
30 ஏப்ரல் 1987

மித்வல்லி மச்சானுக்கு,

ஸலாம். நலம். போர்வை வந்து சேர்ந்தது. எடையே இல்லை. போர்த்தினால் இருப்பதே தெரியவில்லை, காலையில் பார்த்தால் தரையில் கிடக்கிறது. இருட்டில் உதறினால் பொறி பறக்கிறது. மாமி பிஸ்மி சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

தையல் நேராகத்தான் இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் மெஷின் விட்ட இடத்தைக் கையால் முடித்திருக்கிறார்கள். நூலைப் பின்னால் கொண்டுபோய் இரண்டு முறை சுற்றி உள்ளே இழுத்து விட்ட முடிச்சு. அப்படி முடிச்சுப் போடுகிற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். எந்தக் கடையில் வாங்கினீர்கள்?

மாமி தூங்கிவிட்டார். உங்களை நினைக்காத நாள் இல்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

இன்ஷிராஹ்


ஸிஃப்தா
20 ஜூன் 1987

மித்வல்லி மச்சானுக்கு,

ஸலாம். நீங்கள் நலமா? என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால்காரர் நம் வாசல் வந்ததும் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார், பாவம்.

பதில் வராததால் நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சடிக்கும் மெஷின் ஒன்று வாங்கிவிட்டேன். என் வளையல்கள் இப்போது மெஷினாக உங்கள் கடையில் நிற்கின்றன. கையை விட அங்கே நன்றாகத்தான் இருக்கின்றன.

வில் ஒரு பகல் முழுக்க அடித்ததை இது உட்கார்ந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறது. மூக்கில் துணி கட்டிக்கொள்கிறேன், ஆனாலும் தலை, புருவம், இமை எல்லாம் வெள்ளை. முதல் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மித்வல்லி வந்து சேர்வதற்குள் இப்படித்தான் ஆகிவிடுவேன் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

தையலுக்கு நானும் உம்மு பத்ரிய்யாவின் மருமகளும். "பொம்பளை நடுத்தெருவுல உட்கார்ந்து போர்வை தைக்கிறதா?" என்று சிலர் கேட்டார்கள். உம்மு பத்ரிய்யாவே, "அவ வீட்டுக்குள்ளே இருந்தா மட்டும் நீ குளிருக்குப் போர்த்தி விடுவியா?" என்று கேட்டு வாயை அடைத்தாள்.

மணப்பெண் வீடுகளுக்கு வில்லையும் கொண்டுபோகிறோம். பஞ்சு கடையிலேயே அடித்தாகிவிடும். கலீல் சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சும்மா நரம்பை மீட்டுவார், நடுவில் நிறுத்திச் செர்பத் கேட்பார். முதல் வீட்டில், "வெறும் வில்லுக்கு என்னத்துக்குச் செர்பத்?" என்று மணப்பெண்ணின் மாமா கேட்டார். "நீங்க மட்டும் இங்க என்ன வேலை செஞ்சு குடிக்கிறீங்க?" என்று சித்தப்பா திருப்பிக் கேட்டார். பெண்கள் இட்ட குலவை ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும்.

நம் போர்வையைத் தொடவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான். வாருங்கள்.

இன்ஷிராஹ்


குவைத்
19 ஜூலை 1987

இன்ஷிராஹ்,

யாரைக் கேட்டு வாங்கினாய்? அது என் அப்பாவின் கடை. அந்தச் சுவரில் மூன்று தலைமுறையாக வில் தொங்குகிறது. அதை இப்போது கூத்தாட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைகிறாயா? பற்கள் வைத்த இரும்பை என் வாசலுக்குள் விட்டுவிட்டு அதைச் சிரித்துச் சிரித்து வேறு எழுதுகிறாய். கையால் செய்வதுதான் தொழில். மற்றதெல்லாம் ஆலை.

நான் வரும்போது அது அங்கே இருக்கக்கூடாது.

மித்வல்லி


ஸிஃப்தா
28 ஆகஸ்ட் 1987

மித்வல்லி மச்சானுக்கு,

ஸலாம். கோபத்தில் நீங்கள் நலம் விசாரிக்க மறந்துவிட்டீர்கள். மாமி கீழே விழுந்து எழுந்தார், இப்போது நடக்கிறார். நானும் நலம்.

மீத் கம்ரிலிருந்து ஸாபிர் வந்திருந்தார். உங்களோடு வேலை செய்கிறவராம், விடுமுறைக்கு வந்திருக்கிறார். மாமி வாத்து அடித்துச் சமைத்துப் போட்டுவிட்டு, "எங்க புள்ளை தைச்ச மயிலை நீ பார்த்தியாப்பா?" என்று கேட்டார். ஸாபிருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மயிலா? அங்க ஏது மாமி மயிலு? அண்ணனுக்கு ஆலையில பச்சைப் பொத்தானை அமுக்கறதுதான் வேலை. அமுக்குனா ஊசியெல்லாம் ஒண்ணா எறங்கும். ஊசி ஒடைஞ்சா மாத்துவாரு. நாங்க யாரும் நூலைக் கையில தொடறதே இல்லை. மூலையில பிசிறு வந்தா மட்டும் அவரு முடிச்சுப் போடுவாரு" என்றார். மாமி அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தட்டை நான்தான் கழுவினேன், அதற்குள் மாமி படுத்துவிட்டார்.

நீங்கள் பொத்தானை அமுக்குவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நானும் இங்கே பொத்தானைத்தான் அமுக்குகிறேன். அந்த மயிலை எனக்கு ஏன் அனுப்பினீர்கள்? தெருவெல்லாம் பறக்கவிட்டேனே. நீங்கள் அங்கே கையால் தைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால்தான் விடமாட்டேன் என்கிறார்கள் என்று ஒவ்வொரு குளிரிலும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன். பொத்தானை அமுக்க வேறு ஆள் கிடைக்காதா? அப்படியானால் என் மச்சான் ஏன் வரவில்லை? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

பருத்தி எடுத்து முடியட்டும். அக்டோபரில் வரும் மூன்றாவது வெள்ளி, தொழுகைக்குப் பிறகு, போர்வையை வாசலில் போட்டுப் பிரிப்பேன். நீங்கள் வந்தால் நீங்கள் பிரியுங்கள். வராவிட்டால் நான் பிரித்து, இரண்டு ஒற்றைப் போர்வையாகத் தைப்பேன். கல்யாணப் போர்வையை எந்த வீட்டில் இரண்டாக்குவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒன்று புருஷன் செத்த வீடு, இல்லாவிட்டால் பிரிந்துபோன வீடு. தெரு பார்க்கட்டும். எனக்குக் குளிர்கிறது, மச்சான்.

இன்ஷிராஹ்


குவைத்
8 அக்டோபர் 1987

என் இன்ஷிராஹுக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. தினமும் எழுத உட்கார்ந்தேன், மூடி வைத்தேன். அம்மா விழுந்த செய்தியைப் படித்துவிட்டு அப்துல் மவ்லாவிடம் சண்டை போட்டேன். அவனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஸாபிர் சொன்னதெல்லாம் உண்மை. மயில் கிடையாது. பெரிய வீடும் கிடையாது. வந்த முதல் வாரமே பொத்தானில் நிறுத்திவிட்டார்கள். அதை ஸிஃப்தாவுக்கு எப்படி எழுதுவேன்? கையை நம்பிப் போகிறான் என்று சொல்லித்தானே வழியனுப்பினார்கள்.

முதலாளி விடவில்லை என்பதும் பொய். மார்ச் மாதமே போக அனுமதித்துவிட்டார். பெட்டி கட்டினேன். வந்தவுடன் நீ போர்வையை வாசலில் போடுவாய், தெரு கூடும், கலீல் சித்தப்பா எதிரே உட்கார்வார். அதற்கு முன்னால் கையைக் கொஞ்சம் பழக்கிக்கொள்ளலாம் என்று ஒரு ஊசியும் நூலும் வாங்கி, என் தலையணையில் ஒரு சூரியன் தைத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே தைத்த சூரியன்! ஊசி விரலுக்குள் போயிற்று. தையல் கோழி நடந்த மாதிரி இருந்தது. விரல் நுனியில் இருந்த காய்ப்பு மறைந்துவிட்டது, பிள்ளைகளின் விரல் மாதிரி இருக்கிறது. அப்துல் மவ்லா பார்த்துவிட்டு, "உஸ்தா, இது சூரியனா, மேகம் மறைச்சிருக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

உன் மெஷினின் மேல் பாய்ந்தது அதனால்தான். நீ தைக்கிறாய், நான் தைப்பதில்லை. பொறாமை என்று எழுதினால் சிரிப்பாய்.

கையில்லாத மித்வல்லியை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? ஆனால் நீ எட்டி இருப்பதையும் என்னால் தாங்க முடியவில்லை. எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வந்து மனைவிக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். அவர்கள் சொல்லாததையெல்லாம் சேர்த்து எழுதுவேன், எல்லாம் உனக்கு எழுத நினைத்தது. சோஹாக் பெண்கள் பாதிப் பேர் உன் கடிதங்களைப் படிக்கிறார்கள்.

பிரிக்காதே. இரண்டாக்காதே. கொஞ்சம் பொறு.

உன் மித்வல்லி


ஸிஃப்தா
30 அக்டோபர் 1987

மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் போன ஞாயிறு வந்தது. வெள்ளி அதற்கு முன்பே வந்துவிட்டது.

பிரித்துவிட்டேன். தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பும்வரை காத்திருந்தேன். தெருமுனையில் பெட்டியோடு யார் திரும்பினாலும் என் கழுத்து நீண்டது. பிறகு பாயை விரித்தேன். "இன்னொரு வாரம் பொறுத்தாத்தான் என்னடி?" என்றாள் உம்மு பத்ரிய்யா. "போன வாரமும் இப்படித்தான் சொன்னே" என்றேன். உங்கள் தையல் லேசில் விடவில்லை, ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் கடிக்கவேண்டியிருந்தது. யாரும் குலவையிடவில்லை. மாமி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மறுமுனையிலிருந்து பிரிக்க ஆரம்பித்தார். "என் புள்ளை தைச்சது, நான் பிரிக்கக்கூடாதா?" என்று மட்டும் ஒருவரைப் பார்த்துக் கேட்டார்.

பஞ்சை மெஷினில் விட்டேன். நுரையாக வந்தது, கடித்துத் துப்பவில்லை. என் பாதியைத் தைத்துவிட்டேன். போர்த்திக்கொள்கிறேன், சூடாக இருக்கிறது. ஒற்றைப் போர்வை, புரண்டால் விளிம்பு வந்துவிடுகிறது.

உங்கள் பாதியை எடுத்தேன். தைக்க முடியவில்லை. ஊசியில் நூல் கோத்து வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். அடித்த பஞ்சு, துவைத்த சாட்டின், நூல் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, திரும்பிப் போகும் ஸாபிரிடம் கொடுத்திருக்கிறேன். அங்கே தைத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். கோணலாக இருந்தால் இருக்கட்டும், தெரு பார்க்காது.

கையில்லாத மித்வல்லியை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று கேட்டீர்கள். நான் காத்திருந்தது உங்கள் கைக்காக என்று எப்போதாவது எழுதினேனா? பழைய கடிதங்களை எடுத்துப் பாருங்கள்.

இனி நான் கூப்பிடமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஷிராஹ்


குவைத்
24 நவம்பர் 1987

இன்ஷிராஹ்,

ஸலாம். மூட்டை வந்தது. அறையில் அவிழ்த்தேன். ஸோப்பு வாசனையும் ஸிஃப்தா வெயில் வாசனையும் வந்தன. அப்துல் மவ்லா பஞ்சைக் கையில் அள்ளிப் பார்த்து, "இது வில்லுல அடிச்சதா உஸ்தா?" என்றான். "என் பொண்டாட்டி அடிச்சது" என்றேன். மெஷின் நன்றாகத்தான் அடிக்கிறது.

தைக்க உட்கார்ந்தேன். சாட்டினைக் காலுக்கு நடுவில் போட்டுக்கொண்டு மூன்று நாள் வேலைக்குக்கூடப் போகாமல் தைத்தேன். முதல் நாள் தைத்ததை இரண்டாம் நாள் பிரித்தேன், இரண்டாம் நாள் தைத்ததை மூன்றாம் நாள் பிரித்தேன். பிறகு பஞ்சைத் திரும்ப மூட்டையில் கட்டிவிட்டேன், அது என்னோடு வருகிறது. முதலாளியிடம் கணக்கை முடித்தாகிவிட்டது. வியாழக்கிழமை பஸ், பாக்தாத் வழியாக அகபாவுக்கு, அங்கிருந்து கப்பல். இந்தக் கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது.

என் கை இன்னும் திரும்பவில்லை, இன்ஷிராஹ். நான் திரும்பி வருகிறேன்.

உன் பாதியின் தையலைப் பிரித்து வை.

மித்வல்லி